காசு கட்டியாகிவிட்டது, படிக்க வாருங்கள்

(நாமக்கல்லில் கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், நூலகர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மரவள்ளிக் கிழங்கை வைத்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர் பக்கமிருந்து வந்திருக்கிற மாணவர்கள் பலருடைய வீட்டில் இன்றும் மரவள்ளி பயிராகிறது. ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு ஏற்றிப் போகும் லாரிக்குப் பின்னால் கல்லூரிப் பேருந்தில் வருகிறவர்கள் நீங்கள். சேலத்தில் 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் விற்றுக்கொடுக்கும் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச் மாவுக்கும் இந்தப் பக்கத்துக் காடுகளில் விளைகிற கிழங்குதான் மூலம்.

2020-ல் அந்தச் செடிக்கு ஒரு கேடு வந்தது. திருச்சூர் பக்கத்தில் முதலில் தென்பட்ட புதிய மாவுப்பூச்சி ஒன்று சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்குள்ளும் பரவியது. குருத்து வளராமல் சுருண்டது. நுனி இலைகள் கொத்தாக ஒட்டிக்கொண்டன. கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து செடி குட்டையாக நின்றது. விவசாயிகள் மருந்தடித்துப் பார்த்தார்கள். மாவுப்பூச்சியின் உடலை மெழுகு மூடியிருப்பதால் மருந்து எளிதில் பிடிப்பதில்லை.

அந்தப் பூச்சியின் கதை பழையது. அதன் தாயகம் தென் அமெரிக்கா. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. அங்கே கோடிக்கணக்கான மக்களுக்கு மரவள்ளிதான் அன்றாடச் சோறு. நைஜீரியாவின் இபாதானில் இருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து யோசித்தது. பூச்சி பிறந்த மண்ணில் அதை அடக்கி வைத்திருப்பது எது என்று தேடினார்கள். 1981-ல் பராகுவே நாட்டில் விடை கிடைத்தது. அனாகைரஸ் லோபெசி என்ற கடுகளவு ஒட்டுண்ணிக் குளவி அது. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்து தின்று தீர்த்துவிடும். ஆப்பிரிக்காவில் மரவள்ளி விளையும் பல நாடுகளில் அந்தக் குளவியை விட்டார்கள். பஞ்சம் வரும் என்று பயந்த இடங்களில் பயிர் மீண்டது. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். 2008-ல் தாய்லாந்துக்குள் பூச்சி வந்தபோது, அடுத்த ஆண்டே மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்தார்கள். நமக்குப் பூச்சி வந்தபோதும் குளவி அதே பெனினிலிருந்துதான் வந்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அதைக் கொண்டுவந்து பெருக்கியது. 2022 மார்ச்சில், ஆத்தூருக்குப் பக்கத்தில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதை வெளியே விட்டார்கள்.

நான் பூச்சியியல் நடத்த வரவில்லை, நூலகத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பூச்சி ராசிபுரத்துக் காட்டுக்குள் வந்த நாளில், அதைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக எழுதிய கட்டுரைகள் உலகத்து இதழ்களில் இருந்தன. ஹெரனும் அவருடைய சகா பீட்டர் நாயன்ஷ்வாண்டரும் ஆப்பிரிக்க அனுபவம் முழுவதையும் தொகுத்து 1991-லேயே ‘அன்னுவல் ரிவ்யூ ஆஃப் என்டமாலஜி’ இதழில் எழுதிவிட்டார்கள். அவற்றையெல்லாம் படித்திருந்தவர்கள் இருந்ததால்தான், எந்த நாட்டில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று இங்கே தெரிந்தது. கொரோனாவுக்காகக் கல்லூரிகள் மூடிக் கிடந்த அந்த ஆண்டில், நம் ஊர்த் தாவரவியல் மாணவி ஒருத்தி அப்பாவின் காட்டில் சுருண்டு நிற்கும் குருத்தைப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் தன் கைப்பேசியிலேயே அந்தக் கட்டுரைகளில் பலவற்றைப் படித்திருக்க முடியும். சில இலவசமாகவே கிடைத்தன. மற்றவற்றுக்கும் பல கல்லூரிகளில் வழி இருந்தது. வழி இருப்பதாக அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் மனக்குறை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு நம் ஊரின் படிப்பு முறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாமக்கல் படிப்புக்குப் பேர்போன ஊர். ஒரு காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகத் தென்கோடி மாவட்டங்களிலிருந்துகூடப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்குள்ள விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். விடியும் முன்னே எழுப்பி ஸ்டடி, பிறகு வகுப்பு, சாயங்காலம் டெஸ்ட், இரவு மறுபடி ஸ்டடி. பதினோராம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் படித்தார்கள். 2017-ல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியதற்கும், பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கும் இந்த வழக்கமும் ஒரு காரணம். கோழிப்பண்ணையோடு சேர்த்து அந்தப் பள்ளிகளுக்கு வெளியூர்க்காரர்கள் வைத்த கேலிப் பெயர் உங்களுக்குத் தெரியும். நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அங்கே படித்த பிள்ளைகள் உழைத்தார்கள். அவர்களுடைய அப்பா அம்மா நகையையும் நிலத்தையும் அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அதில் கேலி செய்ய ஒன்றுமே இல்லை.

ஆனால் அந்த முறை ஒரு பழக்கத்தை மட்டும் வளர்க்கவில்லை. எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று படிப்பவரே முடிவு செய்கிற பழக்கம் அது. ஸ்டடி ஹாலில் அமைதி இருந்தது, விளக்கு இருந்தது, மேசை இருந்தது, நடந்துகொண்டே கண்காணிக்கும் ஆசிரியர் இருந்தார். கையில் பாடப்புத்தகம் மட்டும்தான். பள்ளி நூலகம் தலைமையாசிரியர் அறையில் பூட்டிய பீரோவாக இருந்தது. இப்படி வளர்ந்த பிள்ளை கல்லூரிக்கு வந்து, அடுக்கடுக்காகப் புத்தகம் இருக்கும் ஒரு பெரிய அறைக்குள் நுழையும்போது எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறது. நான் நூலகராக வேலை பார்த்த காலம் முழுவதும் ஜூலை மாதமானால் இந்தக் காட்சிதான். “சார், எந்த புக்குங்க சார் படிக்கணும்?” என்று கேட்பார்கள். “உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும் கண்ணு?” என்று திருப்பிக் கேட்பேன். பதில் வருவதற்கு நேரமாகும். சில பிள்ளைகள் மறுநாள் வந்து சொல்வார்கள். அந்த ஒரு நாள் அவர்களுக்கு மிகவும் தேவையான நாள் என்று நான் நினைக்கிறேன்.

நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ல். அதே ஆண்டு செப்டம்பர் 17-ல், பெரியார் பிறந்த நாளில், சேலத்தை அடுத்த கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் அதன்கீழ் வருகின்றன. உங்களில் பெரும்பாலோர் கையில் வாங்கப்போகும் பட்டத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும். ஆனால் பட்டமளிப்பு விழாவுக்கோ, டிகிரி சர்டிபிகேட் வாங்கவோ மட்டுமே அங்கே போகிறோம். அங்கே ஒரு நூலகம் இருக்கிறது, அதற்கு இணைய வழியில் ஒரு வாசல் இருக்கிறது என்பது மூன்று ஆண்டு படித்து முடித்தவர்கள் பலருக்கும் தெரியவில்லை.

இணைய வழி என்றால் என்ன என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பிள்ளைகள் திரும்பிப் போய்விடுகிறார்கள். கூகுளில் தேடுகிறீர்கள். சரியான கட்டுரை வருகிறது. தட்டினால் முப்பது, நாற்பது டாலர் கேட்கிறது. “காசு கேக்குதுங்க சார்” என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்தக் காசைப் பெரும்பாலும் நமக்காக வேறொருவர் ஏற்கெனவே கட்டிவிட்டார். பல்கலைக்கழகத்து வளாகத்துக்குள் உள்ள இணைப்பிலிருந்து அதே பக்கத்தைத் திறந்தால், வெளியீட்டு நிறுவனத்தின் கணினி அந்த இணைப்பின் எண்ணைப் பார்த்து, சந்தா கட்டியவர் என்று அடையாளம் கண்டு கட்டுரையைக் கொடுத்துவிடும். வீட்டு வைஃபையிலோ கைப்பேசி டேட்டாவிலோ திறந்தால் நீங்கள் யாரென்று அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் வளாகத்துக்கு வெளியிலிருந்து உள்ளே போக லாகின் இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் ‘இன்ஃபெட்’ என்ற பொது ஏற்பாட்டை நடத்துகிறது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகத்தின் மாணவர், வெளியீட்டாளரின் பக்கத்திலேயே தன் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, அது கொடுத்த பெயரும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே போகலாம். கொல்லிமலை அடிவாரத்து வீட்டிலிருந்தும் போகலாம், இரவு பதினொரு மணிக்கும் போகலாம்.

கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2010 முதல் நடக்கும் என்-லிஸ்ட் திட்டம். 6,000-க்கும் மேற்பட்ட ஆய்விதழ்களும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னூல்களும் அதில் இருக்கின்றன. நான் சொன்ன 1991 கட்டுரை வந்த வெளியீட்டகத்தின் இதழ்களும் அந்தப் பட்டியலில் உண்டு. இதில் முக்கியமான விஷயம், ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி லாகின் உருவாக்கலாம் என்பது. உருவாக்க வேண்டியவர் உங்கள் கல்லூரியின் நூலகர். ஆசிரியர்களுக்கு மட்டும் லாகின் கொடுத்துவிட்டு மாணவர்களை விட்டுவிட்ட கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்களின் பெயரைச் சேர்ப்பதற்கு ஒரு எக்செல் பட்டியல் போதும். நூலகர் நண்பர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

பெரிய செய்தி 2024 நவம்பர் 25-ல் வந்தது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 வெளியீட்டு நிறுவனங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுமாக 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். சேலம் அரசு கலைக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கும் தில்லியில் படிக்கிற பிள்ளைக்கும் ஒரே இதழ் கிடைக்க வேண்டும் என்பது அதன் எண்ணம். நல்ல எண்ணம். இதற்கு நான் கை தட்டுகிறேன்.

ஆனால் அந்த நிறுவனங்களின் பட்டியலை நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு பாருங்கள். அரசுக் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். திருச்செங்கோட்டுச் சாலையிலும் சேலம் சாலையிலும் வரிசையாக நிற்பவை சுயநிதிக் கல்லூரிகள். அங்கே படிக்கிறவர்களை இந்தத் திட்டத்தின் முதல் கட்டம் எட்டவில்லை. கட்டணம் கட்டிப் படிப்பதால் அவர்கள் வசதியானவர்கள் என்று எண்ணினால் தவறு. கல்விக் கடனிலும், தறிக் கூலியிலும், லாரி ஓட்டிய காசிலும் படிக்கிறவர்கள் அவர்கள். எந்தக் கல்லூரியில் படித்தாலும் இந்த நாட்டு மாணவர் என்ற ஒரே கணக்கில் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். அது நடக்கும் வரை சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரிகள் ஆண்டுக் கட்டணம் செலுத்தி என்-லிஸ்ட்டிலாவது சேரலாம். கல்லூரி முகப்பு வளைவுக்கு ஆகிற செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் மிகச் சிறியது. நிர்வாகத்தினர் சிலர் இங்கே இருப்பதால் இதை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

லாகின் எதுவுமே தேவைப்படாதவையும் நிறைய உண்டு. சோத்கங்கா என்ற களஞ்சியத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. பெரியார் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேடுகளும் அங்கே உண்டு. சேலத்து வெள்ளிக் கொலுசுத் தொழிலாளர்களைப் பற்றியோ, நாமக்கல் முட்டை வணிகத்தைப் பற்றியோ பிராஜெக்ட் செய்யப்போகிறவர்கள் முதலில் அங்கே தேட வேண்டும். உங்களுக்கு முன்னால் யார் என்ன கேள்வி கேட்டார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று தெரியும். கால்நடை, வேளாண்மை ஆய்வேடுகளுக்குக் கிருஷிகோஷ் என்று தனிக் களஞ்சியம் இருக்கிறது. 1985-ல் தொடங்கிய நம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மற்றவர்கள் கோழியைப் பற்றித் தேடும்போது அங்கே போவதே இல்லை. கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகம் 2018-லிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. அச்சில் இல்லாத பழைய நூல்களையும் இதழ்களையும் வீட்டிலிருந்தே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம்.

ஊர் வரலாறு தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1883-ல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும், 1918-ல் வந்த ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியரும் இணையத்தில் முழுதாகக் கிடைக்கின்றன. 1910-ல் நாமக்கல் வட்டத்தைத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். பிறகுதான் அது சேலத்துக்குத் திரும்பியது. அதனால் 1918 நூலில் நாமக்கல்லைத் தேடிக் கிடைக்காமல் கைவிடாதீர்கள், 1883 நூலைத் திறந்து பாருங்கள். இப்படி ஒரு சின்ன விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் மாணவருக்கு ஒரு வாரம் மிச்சமாகும். நூலகர் என்ற மனிதர் தேவைப்படுவது இதற்குத்தான். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்கிறீர்கள். கேளுங்கள், தவறில்லை. ஆனால் அவை சொல்லும் கட்டுரையின் பெயரை நூலகப் பட்டியலிலோ இதழின் பக்கத்திலோ போட்டுப் பார்க்காமல் எழுதாதீர்கள். உலகத்தில் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சரளமாகச் சொல்லிவிடும்.

தேடுவதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த ஆய்வேடுகள் பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. திறந்தால் தமிழாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. பல நூலகங்களின் பட்டியலில் தமிழ் நூல்களை ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கிறார்கள், அதையும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். ஆகவே ஒரு நூல் பட்டியலில் வரவில்லை என்றால் நூலகத்தில் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆசிரியர் பெயரை வைத்துத் தேடுங்கள், நாலு விதமாக எழுத்துக் கூட்டிப் பாருங்கள், பிறகு அடுக்குக்கே போய்ப் பாருங்கள். ஆங்கிலத்திலும் இதே தொல்லை உண்டு. மரவள்ளிக்கு டேபியோகா என்று நாம் போட்டுத் தேடுவோம், ஆராய்ச்சியாளர்கள் கசாவா என்று எழுதியிருப்பார்கள்.

இனி இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டதே, நூலகக் கட்டடம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் பள்ளிபாளையத்துக்கோ குமாரபாளையத்துக்கோ ஒரு இரவு வந்து தங்கிப் பார்க்க வேண்டும். வீட்டு முன்னறையில் விசைத்தறி ஓடும். ஷிப்டு மாறும்போதுகூட சத்தம் ஓயாது. அந்தச் சத்தத்தில் தூங்கப் பழகலாம், ஒரு கட்டுரையை முதலிலிருந்து கடைசி வரை புரிந்து படிக்கப் பழக முடியாது. தறி இல்லாத வீட்டிலும் ஒரே அறையில் தொலைக்காட்சியும் பாட்டியும் தம்பியும் இருப்பார்கள். பெண் பிள்ளை என்றால் புத்தகத்தை விரித்தவுடன் ஒரு வேலை சொல்வார்கள். இவர்களுக்குக் கட்டுரையை அனுப்பினால் மட்டும் போதாது, உட்கார்ந்து படிக்க ஒரு நாற்காலியும் இரண்டு மணி நேரமும் வேண்டும்.

நம் கல்லூரிகளில் நாற்காலி இருக்கிறது, ஏசி கூட இருக்கிறது. நேரம்தான் இல்லை. நூலகம் காலை ஒன்பதிலிருந்து நாலரை வரை, வகுப்பும் காலை ஒன்பதிலிருந்து நாலு வரை. வகுப்பு முடிந்ததும் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும், அதை விட்டால் ஊருக்குப் போக வழியில்லை. கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு ‘லைப்ரரி அவர்’ போட்டிருப்பார்கள். போர்ஷன் முடிக்கவில்லை என்று எந்த ஆசிரியராவது அதையும் வாங்கிக்கொள்வார். விடுதியில் இருக்கும் பெண்களுக்கு மாலை ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு. பையன்கள் அந்த நேரத்துக்குப் பிறகும் வெளியே உட்கார்ந்து படிக்கலாம், பெண்கள் கூடாது என்றால் அது பாதுகாப்பு ஆகாது. விளக்கும் பெண் காவலரும் போட்டு, விடுதிக்கும் நூலகத்துக்கும் இடையே உள்ள நூறு அடியைப் பாதுகாப்பது நிர்வாகத்தின் வேலை.

இந்த நேரக் கணக்கைத்தான் எஸ். ஆர். ரங்கநாதன் நூறு ஆண்டுகளுக்கு முன்னால் கையில் எடுத்தார். சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனுக்கு அனுப்பினார்கள், அங்கே நூலகவியல் படித்து, பல நூலகங்களைப் பார்த்துவிட்டு 1925-ல் திரும்பினார். திரும்பியதும் வாசகர்களை அடுக்குகளுக்குள் நேரே போகவிட்டார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார், விடுமுறை நாளிலும் திறக்க வைத்தார். வேலைக்குப் போகிறவருக்கு விடுமுறை நாளில்தான் படிக்க முடியும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. 1931-ல் நூலகவியலுக்கான அவருடைய புகழ்பெற்ற ஐந்து விதிகள் நூலாக வந்தன. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன நடமாடும் நூலகமும் தொடங்கியது. அவரும் அவரைப் போன்றவர்களும் கேட்டுக் கேட்டுத்தான் 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் விடுதலைக்குப் பின் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுதான். அந்தச் சட்டத்தின்படி இன்றும் நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. உங்கள் அப்பா வீட்டு வரி ரசீதை வாங்கிப் பாருங்கள், தனியாக அச்சடித்திருக்கும். ஆக நூலகம் நமக்கு யாரும் தருகிற சலுகை கிடையாது. வருடா வருடம் பணம் கட்டிவிட்டு உள்ளே போகாமல் இருக்கிறோம்.

கல்லூரியில் நேரம் கிடைக்காதவர்கள் பொது நூலகத்துக்குப் போகலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட மைய நூலகங்கள் இருக்கின்றன. நாமக்கல் கவிஞரின் வீடு நினைவில்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. உள்ளாட்சி அமைப்புகள் பல ஊர்களில் அறிவுசார் மையங்களைக் கட்டியிருக்கின்றன. அங்கே டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுகிறார்கள் என்று மற்றவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். வேலை கிடைக்கும் வரை வீட்டில் முகம் காட்டக் கூசுகிற பிள்ளைகளுக்கு அந்த நாற்காலிதான் மரியாதை. கூட்டம் வருகிறது என்றால் நாற்காலியைக் கூட்ட வேண்டும். சென்னைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தை எடுத்து வந்து படிப்பவர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்து இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கிறார்கள். 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் சேலத்துக்கும் ஒரு பெரிய நூலகம் அறிவித்திருக்கிறார்கள், ஒரு லட்சம் நூல்களோடு. மகிழ்ச்சி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கட்டடம் எழும்பும்போதே எத்தனை மணி வரை திறந்திருக்கும், புதிய பேருந்து நிலையத்திலிருந்து அங்கே கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் முடிவு செய்ய வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பேருந்து நூலக வாசலில் நின்றால் எவ்வளவு பெண்கள் வருவார்கள் என்று பாருங்கள். அந்த நூலகத்திலிருந்தே ‘ஒரே நாடு ஒரே சந்தா’ இதழ்களையும் யார் வேண்டுமானாலும் படிக்க வழி செய்தால், சுயநிதிக் கல்லூரி மாணவர்களுக்கும் கல்லூரியை முடித்துவிட்டவர்களுக்கும் கதவு திறந்துவிடும். படித்து முடித்த மறுநாளே லாகின் செத்துப்போகிறது இப்போது. ஏத்தாப்பூர்ப் பக்கத்தில் மரவள்ளி போடும் பட்டதாரி விவசாயி ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க எங்கே போவார்?

பல்கலைக்கழக நூலகத்தையும் பயன்படுத்துங்கள். உங்கள் துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு கருப்பூருக்குப் போங்கள். போவதற்கு முந்தைய நாள் நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடி, வேண்டிய நூல்களின் அழைப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் தெரிந்தால் அடுக்கில் போய் நிற்க ஐந்து நிமிடம் போதும், பக்கத்து நூல்களும் அதே பொருளில் இருக்கும். அங்கே இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். டெல்நெட் போன்ற வலையமைப்பில் சேர்ந்த நூலகங்கள் ஒன்றுக்கொன்று நூல் அனுப்பிக்கொள்கின்றன. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நூலகர் வேலையில் இருப்பவருக்கு நாள் முழுக்க யாரும் ஒன்றும் கேட்காமல் போவதைவிட வருத்தம் வேறு இல்லை, இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

நிர்வாகத்தினரிடம் கடைசியாக ஒரு கோரிக்கை. கல்லூரிப் பேருந்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ராசிபுரம் வழியில் ஒன்று, திருச்செங்கோடு வழியில் ஒன்று, மோகனூர் வழியில் ஒன்று என்று மூன்றை மட்டும் மாலை ஏழு மணிக்கு எடுங்கள். நூலகத்தை ஆறே முக்கால் வரை திறந்து வையுங்கள். டிரைவருக்கு ஓவர்டைம் கொடுங்கள். ஒரு செமஸ்டர் நடத்திப் பார்த்துவிட்டு, எத்தனை பிள்ளைகள் அந்த வண்டியில் ஏறினார்கள் என்ற கணக்கை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், அதை வைத்துப் பேசலாம்.